நோகாமல் ஓடிய ஐம்பது மணி நேரம்

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, இந்த வருடம் முதன்முறையாக நம் பட்டறைக்கு வந்திருக்கும் இரண்டு அம்மணிகளே, உங்களுக்கு எஞ்சின் பற்றிச் சொல்லித்தர நான் வரவில்லை. அதற்குக் கம்பெனி புத்தகம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, செல்போனில் வீடியோ இருக்கிறது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் சரியாகச் சொல்வீர்கள். முப்பத்தொரு வருடம் டிராக்டர் சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது சந்தேகம்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. இது என் மனைவி வைத்த பட்டம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை மூன்றாவது இழுப்பில் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது. பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பார்ப்பேன். இதைப் படிக்கும்போது நீங்கள் "ஆமாங்கண்ணா, சரிங்கண்ணா" என்று தலையாட்டுவீர்கள் என்று தெரியும். அதையும் நான் நம்பப்போவதில்லை.

இந்தக் குணத்துக்கு எண்ணெய் ஊற்றி வளர்த்தவர், நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த ஃபோர்மேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் வண்டியைப் பார்க்கமாட்டார், கொண்டுவந்தவரைப் பார்ப்பார். என்னிடம் சொன்னது ஒரே ஒரு பாடம்தான். "வண்டி பொய் சொல்லாது கண்ணு. வண்டியக் கொண்டாந்தவன் சொல்லுவான்."

அந்தப் பாடம் எனக்குப் பலமுறை சோறு போட்டது. ஒன்று சொல்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்காரர். புது டிராக்டர், ஆறே மாதத்தில் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. புது வண்டிக்கு ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்ற வேண்டும். "அம்பது மணிக்கு ஆயில் மாத்தியாச்சுங்க, நாந்தான் பக்கத்துல நின்னு மாத்துனேன்" என்று குலதெய்வத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தார். நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயில் வடிக்கும் அடிப்பிளக்கின் மேல் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயின்ட் பொட்டு, வைத்தது வைத்தபடி, பிரியாமல் இருந்தது. பிளக்கைக் கழற்றாமல் ஆயில் மாற்றும் வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்பிடீங்களா? சரி, இன்னொருக்கா மாத்திப்போடலாமுங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஏரியாவில் எனக்கு ஒரு பெயர் வந்தது. நான் வந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்றார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

இப்போது நான் சொல்லவேண்டிய கதைக்கு வருகிறேன்.

கிணத்துக்கடவுக்கு அந்தப்பக்கம், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் பாதையில் ஒரு தென்னந்தோப்பு. சொந்தக்காரர் சின்னசாமி அண்ணன். அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். எங்கள் டீலர் கடையில் புது டிராக்டர் எடுத்தார். கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்த அதே வாரத்தில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். வண்டி வந்துவிட்டது, வண்டிக்காரர் படுத்துவிட்டார். அதனால் வண்டியை ஓட்ட தானியேலை வைத்தார்.

தானியேலுக்கு முப்பது வயது இருக்கும். அவர் அப்பாவும் தாத்தாவும் அந்தச் சுற்றுவட்டாரத் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங் பிடித்தவர் இவர். சின்னசாமி அண்ணன் தோப்பு போக, நேரம் கிடைக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தோட்டங்களில் அவர்கள் வண்டியையும் ஓட்டுவார். அவரிடம் சொந்த நிலம் கிடையாது, சொந்த டிராக்டர் கிடையாது. நல்ல டிரைவர் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது. அதை வைத்துத்தான் குடும்பம் ஓடியது.

எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டரில் நாற்பத்தெட்டு மணி நேரம் காட்டும்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. புது வண்டி நீலப் புகை விடுகிறது, ஆயில் குறைகிறது, சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய் கசிகிறது. நான் நேரில் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர், தேங்காய் எடுக்க வந்த வியாபாரியின் ஆட்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தானியேல் கையில் ஒரு துடைக்கும் துணியோடு வண்டியை ஒட்டி நின்றார். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

நான் என் வழக்கப்படி வண்டியைச் சுற்றி வந்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியில் பெயின்ட் சுத்தமாகத் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. நாற்பத்தெட்டு மணி நேர வண்டிக்கு இது அதிகம். இரண்டாவது, ஹவர் மீட்டர் கேபிளின் நட்டில் கீறல். யாரோ சரியான ஸ்பேனர் இல்லாமல் திருகிய அடையாளம். என் மண்டைக்குள் மணி அடித்தது. மீட்டர் ஏறாமலிருக்கக் கேபிளைக் கழற்றிவிட்டு, வாடகைக்கு டிரெய்லரில் லோடு அடித்திருக்கிறார்கள். புது எஞ்சினில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் இந்தப் புகைதான் வரும். இப்படி ஓட்டிவிட்டுக் கம்பெனி மேல் பழிபோட்ட ஆட்களை நான் நிறையப் பார்த்திருந்தேன்.

"ஏனுங்கண்ணா, வண்டி வாடகைக்குப் போச்சுங்களா?" என்றேன்.

"எங்கீங்க? தோட்டத்த உட்டு வெளிய போகவே இல்லீங்க. சாவி எங்கிட்டதான இருக்குது."

"சாவி உங்ககிட்ட இருக்குதுங்க. பகல் பூரா வண்டி யாருகிட்டங்க இருக்குது?"

அண்ணன் முகம் மாறியது. தானியேல் ஒரு அடி முன்னால் வந்தார். "இல்லீங்க, வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"நீ சித்த சும்மா இருப்பா. பேசிட்டிருக்கறமல்ல" என்றேன் நான்.

நம் ஊரில் யார் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். நாற்காலியில் இருந்தவருக்கு மூச்சுக்கு மூச்சு 'ங்க' போட்டேன். நின்றவருக்குப் போடத் தோன்றவில்லை. இது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு.

கொக்கியைக் காட்டினேன். நட்டைக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்து "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்குக் குரல் ஒரு கட்டை ஏறும். "நாஞ் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணா. மீட்டரக் கழட்டி உட்டுப்போட்டு லோடு அடிச்ச வண்டிங்க இது. உங்களுக்குத் தெரியாம நடந்திருக்குது. எங்க சர்வீஸ்ல இது மாதிரி எத்தனையோ பாத்திருக்கறமுங்க" என்றேன்.

சின்னசாமி அண்ணன் தானியேலைப் பார்த்தார். "உங்கப்பன் காலத்துல இருந்து இந்தத் தோட்டத்துல நம்பித்தான வெச்சிருந்தோம். நான் கால நீட்டிப் படுத்திருக்கற நேரம் பாத்து இப்பிடிப் பண்ணிப்போட்டயேடா" என்றார். பிறகு, "வேண்டாம். நீ போயிரு" என்றார்.

தானியேல் துணியை மடித்து மட்கார்டு மேல் வைத்தார். சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் தென்னை வரிசைக்குள் நடந்து போய்விட்டார். பேசாமல் போகிறவன் குற்றவாளிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நின்று பேசியிருந்தாலும் நான் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். எங்கள் மேனேஜர், 'வாடகைக்கு ஓட்டியதால் ஏற்பட்ட பழுது' என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிடச் சொன்னார். நானும் எழுதியிருப்பேன். ஆனால் கம்பெனியில் எஞ்சினைத் திறந்து உள்ளே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் மேல் சந்தேகம். இந்தத் தொழிலில் யாரும் யாரையும் நம்புவதில்லை, அதனால்தான் அன்றைக்கு ஒரு நல்லது நடந்தது. வேலை நெரிசலில் பத்து நாள் கழித்துத்தான் எஞ்சினைப் பிரித்தேன்.

உள்ளே என்ன இருக்கும் என்று முன்பே தெரியும் என்ற தெம்பில், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினேன். அதிகப் பாரத்தில் வெந்த எஞ்சின் என்றால் பிஸ்டன் ஓடும் லைனர் குழாயின் உட்பக்கம் நெடுக்குவாக்கில் கீறல் விழுந்திருக்கும். பேரிங் தேய்ந்திருக்கும். எதுவும் இல்லை. பேரிங் புத்தம் புதிதாக இருந்தது. லைனரின் உட்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. குனிந்தபோது என் முகம் அதில் தெரிந்தது. பிஸ்டன் தலையிலும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையிலும் ஈரக் கரி அப்பியிருந்தது.

உங்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். புது லைனருக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சன்னக் கோடுகள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங்கு அந்தக் கோடுகளில் உரசி உரசித்தான் லைனரோடு பொருந்த வேண்டும். அதற்கு எஞ்சினுக்கு ஓரளவு பாரம் வேண்டும், வேகம் ஏறி இறங்க வேண்டும். புது வண்டியை அடித்து ஓட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சியும் ஓட்டக்கூடாது என்பது யாருக்கும் தெரியாது. புது மாட்டை முதல் நாளே பாரம் ஏற்றி மேட்டில் விடமாட்டோம், சரி. அதற்காகக் கட்டுத்தறியிலேயே நிறுத்தித் தீனி போட்டால் அது எப்போது வண்டிக்குப் பழகும்? வேலையே கொடுக்காமல் சும்மா ஓடவிட்டால் ரிங்கு பொருந்தாது, எண்ணெய் மேலே ஏறி வேகும், லைனர் வழுவழுவென்று கண்ணாடியாகிவிடும். அதற்குப் பிறகு நீலப் புகைதான்.

இந்த வண்டி லோடே அடிக்கவில்லை. லோடு அடித்திருந்தால் தப்பித்திருக்கும்.

லைனரைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கொக்கி ஏன் தேய்ந்தது? யோசித்தால் அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பாரம் ஏற்றிய டிரெய்லர் அசையாமல் வரும். காலி டிரெய்லர்தான் குண்டுகுழியில் குதித்துக் குதித்துக் கொக்கியைத் தேய்க்கும். குறைகுடம் கூத்தாடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மீட்டர் நட்டு? டெலிவரி கொடுத்த அன்று ஸ்பேனர் கிடைக்காமல் கட்டிங் பிளேயரால் முறுக்கினேன் என்று எங்கள் பட்டறையிலேயே ஒருவர் சாவகாசமாகச் சொன்னார். வண்டி பொய் சொல்லவே இல்லை. அது சொன்னதை நான்தான் எனக்குப் பிடித்த மாதிரி கேட்டுக்கொண்டேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "நீங்களே பாத்து, நீங்களே நாலு பேரு முன்னால சொன்னதுங்க. இப்ப மாத்தி எழுதுனா கம்பெனிக்கு முன்னாலயும் மானம் போகும், கஸ்டமருக்கு முன்னாலயும் மானம் போகும். அந்த டிரைவரு ஒண்ணும் கேஸ் போடல. உட்டுத்தள்ளுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. டெலிவரி கொடுக்கும்போது வண்டியை எப்படிப் பழக்கவேண்டும் என்று ஓட்டுபவருக்கு விளக்கிச் சொல்வது எங்கள் கடமை. நாங்கள் முதலாளிக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டுபவரைத் தேடவே இல்லை. அது வெளியே வரும் என்று அவருக்குப் பயம். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். பத்து வருடமாகச் சேர்த்த பெயர்.

இருந்தாலும் தோப்புக்குப் போனேன். ஏன் வண்டி சும்மா ஓடியது என்று தெரிந்தாக வேண்டும்.

சின்னசாமி அண்ணன் கட்டிலில் இருந்தார். அவர் மனைவி ருக்குமணி அக்காதான் எனக்கு மோர் கொண்டுவந்தார். வண்டியை எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டேன். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"புது வண்டிக்கு நோவு குடுக்கக் கூடாதுன்னு, மண்ணு கெளர்ற ரொட்டவேட்டர மாட்டவே உடலீங்க. காலி டிரெய்லர்ல நாலு மட்டை, நாலு தேங்கா. அவ்வளவுதான். அப்பறம் இந்த டிரைவருங்க இருக்கறாங்களே, நாம அசந்தா பக்கத்துக் காட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்க. எனக்குத்தான் எந்திரிக்க முடியாதே. அதனால ஒரு ரோசனை பண்ணுனனுங்க. காலையில எடுத்தா சாயங்காலம் வரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணவே கூடாது, ஒரே சீராச் சத்தம் வரோணும்னு சொல்லிப்போட்டேன். கட்டில்ல படுத்துட்டே கேட்டுட்டிருப்பேன். சத்தம் தூரமாப் போனா, இல்ல நின்னா, உடனே போன் போட்டுருவனுங்க."

"சாப்பிடறப்பவுமா?" என்றேன்.

"சாப்பிடறப்ப ஓடட்டுமே, டீசல் என்ன அவனுதா?" என்றார் அண்ணன்.

ருக்குமணி அக்கா பொறுக்கமாட்டாமல் பேசினார். "அந்தப் பையன் ரெண்டு மூணு தடவ சொன்னானுங்க. 'சும்மா ஓட உட்டா எஞ்சினுக்கு ஆகாதுங்கம்மா, புத்தகத்துல இருக்குதாம்'னு. இவருதான், ஆஃப் பண்ணுனா எங்கியோ போறேன்னு அர்த்தம்னு சத்தம் போட்டாரு. அவன் பயந்துட்டு, சோத்துத்தட்டக் கையில வெச்சுட்டு வண்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து திம்பானுங்க."

மெதுவாக ஓடும் எஞ்சினில் அந்த மீட்டரும் மெதுவாகத்தான் ஏறும். ஆக, அது காட்டிய நாற்பத்தெட்டு மணி நேரத்தைவிட எஞ்சின் இன்னும் எத்தனையோ மணி நேரம் கூடுதலாக, ஒரு வேலையும் இல்லாமல், சத்தம் போடுவதற்காக மட்டும் ஓடியிருக்கிறது. அவருக்கு டிரைவர் மேல் சந்தேகம். எனக்கு ஊர் உலகத்தின் மேலேயே சந்தேகம். இரண்டும் சேர்ந்து ஒரே ஆள் தலையில் விடிந்திருக்கிறது.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். நம்ப அவருக்கு நேரம் பிடித்தது. "அப்ப நாந்தான் என்ற வண்டியக் கெடுத்தேங்கறீங்களா?" என்றார். பாதி நீங்கள், பாதி சொல்லித்தராத நாங்கள் என்றேன். "அதுக்காவ அவனக் கூப்புட்டு நான் மன்னிப்புக் கேக்கோணுமா?" என்றார். "கேட்டா என்னங்க கொறஞ்சுபோயிரும்?" என்றார் ருக்குமணி அக்கா. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை. அவர் நம்பியது என் பேச்சைத்தானே?

தானியேலின் வீடு தோப்புகளைத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். அவர் மனைவி தேங்காய் நார் மில்லில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் நார்த்தூசி. என் பைக்கில் ஒட்டியிருந்த எங்கள் டீலர் பெயரைப் பார்த்ததும் அவர் கண்ணில் தெரிந்ததை நான் இங்கே எழுத விரும்பவில்லை. தானியேல் வெளியே வந்தார். பத்து நாளில் மற்ற தோட்டங்களிலும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். மீட்டரைக் கழற்றுகிற டிரைவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? தேங்காய் உரிக்கப் போய்க்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த மரியாதையும் என்னைக் குத்தியது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது தப்பு என்று, வாய்விட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை.

அவர் உள்ளங்கைத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு, "அன்னிக்கு அத்தன பேரு முன்னால சொன்னீங்க. இன்னிக்கு ஊட்டுக்குள்ள வந்து சொல்றீங்க. ஊட்ல இருக்கறவங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்க" என்றார்.

மறுநாள் காலையில் அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போனேன். அங்கேதான் எல்லோரும் வருவார்கள், அங்கேதான் அந்தப் பேச்சும் பரவியிருந்தது. பால் கேன்களோடு வரிசையில் இருபது பேர் இருப்பார்கள். அன்றைக்கு வாசலில் நின்று "ஆமாங்க" போட்டவர்களில் ஒருவரும் இருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். சின்னசாமி அண்ணன் வண்டி கெட்டதற்கும் தானியேலுக்கும் சம்பந்தமில்லை, நான் தப்பாகப் பார்த்துத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒருவரும் நம்பவில்லை.

"அன்னிக்குச் சொன்னதும் நீங்கதான், இன்னிக்குச் சொல்றதும் நீங்கதான். எதைங்க நம்பறது?" என்றார் ஒருவர். "டீலரு சொல்லி உட்டாங்களா?" என்றார் இன்னொருவர். "பையன் போலீஸ் கீலீஸ்னு போயிட்டானாக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். ஒருவனைத் திருடன் என்று சொன்னபோது யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. அவன் திருடன் இல்லை என்று சொன்னால் ஆளுக்கு ஆள் ஆதாரம் கேட்கிறார்கள்.

நல்லவேளையாக, என் குணம் எனக்கே தெரியும். நான் எதையும் நம்பாத ஆள், அவர்களும் நம்பமாட்டார்கள் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். பைக்கிலிருந்து சாக்குப் பையை எடுத்து வந்து இரண்டு லைனர்களைப் பால் கேன் மேல் வைத்தேன். ஒன்று பெட்டியிலிருந்து எடுத்த புதுசு. இன்னொன்று அந்த வண்டியில் கழற்றியது. புதியதில் விரலை விட்டுக் கோடுகளைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு பழையதில் தடவச் சொன்னேன். கையிலிருந்து கைக்குப் போனது. ஒரு பெரியவர் பழைய லைனரை வெளிச்சத்தில் பிடித்து மீசையைச் சரிசெய்துகொண்டார். லோடு அடித்த எஞ்சினில் இப்படி வராது, வேலையே கொடுக்காத எஞ்சினில்தான் வரும் என்று விளக்கினேன். சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக நாள் பூராவும் ஓடவிட்ட கதையையும் சொன்னேன்.

மீசைப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். "ஒத்தப் புள்ளைக்குச் செல்லங் குடுத்த மாதிரி, சின்னசாமி வண்டிக்குச் செல்லங் குடுத்துக் கெடுத்துப்போட்டான்" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு தானியேல் மேல் விழவில்லை. அதன் பிறகுதான், மொபெட்டை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்றிருந்த தானியேலை நான் கவனித்தேன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அன்றைக்கு "ஆமாங்க" போட்டவர் அவரைப் பார்த்து, "தானியேலு, நாளைக்குக் காலையில நம்ம காட்டுக்கு வாரயா? ஓட்டறதுக்கு ஆளில்லாம உழவு நிக்குது" என்றார். தானியேல், "வாரனுங்க" என்றார்.

ரிப்போர்ட்டை உள்ளபடி எழுதினேன். மேனேஜர் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வண்டிக்குப் புது லைனரும் ரிங்கும் போட்டோம். இந்த முறை முதல் ஐம்பது மணி நேரத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்று ஓட்டப்போகிறவரையே உட்கார வைத்துச் சொன்னேன். ஓட்டியது தானியேல் இல்லை, வேறொருவர். அண்ணன் ஆள் விட்டுக் கூப்பிட்டும் தானியேல் அந்தத் தோப்புக்குத் திரும்பவில்லை. நான் அதில் தலையிடவில்லை.

சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. விட்டால் இந்தத் தொழிலில் உங்களைத் தலைகீழாக விற்றுவிடுவார்கள். மஞ்சள் பெயின்ட் பொட்டு கதையை மறக்காதீர்கள். ஆனால் சந்தேகப்படும்போது யாரை நாற்காலியில் வைத்துக் கேட்கிறீர்கள், யாரை நிற்க வைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

பால் சொசைட்டியில் கூட்டம் கலைந்த பிறகு தானியேல் என்னிடம் வந்தார். லைனர்களைச் சாக்கில் கட்ட உதவி செய்தார். நன்றி சொல்வார் என்று ஒரு அசட்டு நினைப்பு எனக்குள் இருந்ததை மறைக்கமாட்டேன். கடைசியில் நானே வாயைத் திறந்தேன். "ஏனுங்க தானியேலு, எஞ்சின ஆஃப் பண்ண உடலீன்னு அன்னிக்கே நீங்க ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

அவர் சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, பைக்கின் பின்னால் வைத்தார். ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"நீங்க கேக்கலீங்களே" என்றார். "நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தனுங்க."